சீனம் பேசுபவருக்கு ஆங்கில வாசிப்பு சொல்லித்தரப் போகிறீர்களா? தொடங்கும் முன் இதைப் படியுங்கள்

என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தோழிக்குச் சொந்த ஊர் சீனாவின் ஷான்டாங் மாகாணம். சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. ஆஸ்திரேலியாவில் முதுகலை படிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினார். வாசிப்பில் ஒன்பதுக்கு 5 வந்தது. அவருக்குத் தேவை 6.5. "நீங்கள் சொல்லிக் கொடுங்கள்" என்று என்னிடம் வந்து நின்றார். அன்றிலிருந்து என்னை 'லாவ்ஷி' என்றுதான் கூப்பிடுகிறார். சீனத்தில் ஆசிரியர் என்று பொருள்.

முதல் நான்கு மாதங்களை நான் வீணாக்கினேன். வாரம் 150 சொற்கள் கொடுத்து, சனிக்கிழமை தோறும் கேட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் முழு மதிப்பெண் வாங்கினார். ஆனால் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடம் திணறினார். அதன் பிறகு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். மேலும் 14 மாதங்கள் ஆயின. போன வருடம் வாசிப்பில் 6.5 வாங்கிவிட்டார்.

இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனத் தோழருக்கோ மருமகளுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ உதவ நினைக்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருந்தபடி இணையத்தில் பாடம் எடுப்பவர்களும் உண்டு. அந்த நான்கு மாதங்கள் உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. முதல் நாள்: கேட்க வேண்டிய தாள்கள்

பாடப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். முதலில் அவர் எங்கே பள்ளிக்கூடம் போனார் என்று கேளுங்கள். சீனப் பெருநிலத்தில் படித்தவருக்கு ஒன்றாம் வகுப்பிலேயே பின்யின் தெரியும். அதாவது ஆங்கில எழுத்துகளைக் கொண்டே சீன உச்சரிப்பை எழுதும் முறை. மலேசியச் சீனப் பள்ளியில் படித்தவருக்கும் அப்படித்தான். தைவானில் படித்தவர் ஸூயின் என்ற 37 குறிகளில் உச்சரிப்பைக் கற்றிருப்பார். ஹாங்காங்காரர் பெரும்பாலும் இரண்டும் இல்லாமல், காண்டனீஸ் என்ற தென்சீன மொழி பேசி வளர்ந்தவர். மூன்றாவது படியில் செய்யப் போகும் வேலை இதைப் பொறுத்து மாறும்.

அடுத்து பழைய மதிப்பெண் தாள். சீனாவில் கல்லூரி படித்தவர் என்றால் அநேகமாக சிஇடி-4 என்ற கல்லூரி ஆங்கிலத் தேர்வை எழுதியிருப்பார். ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். மொத்தம் 710. 425 வந்தால் தேறியதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பிரிவைப் பாருங்கள்: கேட்டலுக்கு 249, வாசிப்புக்கு 249, எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 212. என் தோழிக்கு மொத்தம் 436. அதில் வாசிப்பு 172, கேட்டல் 128. கண்ணுக்கும் காதுக்கும் இடையே 44 மதிப்பெண் இடைவெளி. சிக்கல் எங்கே என்பதை அந்தத் தாள் முதல் நாளே சொல்லியிருக்கும். நான் நான்கு மாதம் கழித்துத்தான் வாங்கிப் பார்த்தேன்.

பணம் வாங்குவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். சிங்கப்பூரில் வேலை அனுமதி அட்டையிலோ சார்ந்திருப்போர் அட்டையிலோ இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் காசுக்கு டியூஷன் எடுக்கக் கூடாது. குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களும், மாணவர் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் கல்வி அமைச்சில் பதிய வேண்டும். நான் காசு வாங்கவில்லை, அதனால் எனக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இணையத்தில் எடுப்பவர்களுக்கு: சீனாவில் 2021 ஜூலையில் வந்த விதிப்படி, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டு ஆசிரியரைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தத் தடை. ஆகவே பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஆவணம், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் அங்கே சாதாரணமாகத் திறக்காது. வீசாட் என்ற அரட்டைச் செயலியில் கோப்பு அனுப்பி, டென்சென்ட் மீட்டிங் என்ற காணொளிச் செயலியில் பாடம் எடுங்கள்.

2. அளந்து பாருங்கள் (ஒரு மாலை, செலவு இல்லை)

நியூசிலாந்தின் மொழியியலாளர் பால் நேஷன் உருவாக்கிய சொல்வளத் தேர்வு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 140 கேள்விகள். சரியான ஒவ்வொரு விடையையும் நூறால் பெருக்கினால் அவருக்குத் தெரிந்த சொற்குடும்பங்களின் எண்ணிக்கை தோராயமாக வரும். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். விடைகள் சீனத்தில் கொடுக்கப்பட்ட பதிப்பும் இருக்கிறது. அதையே கொடுங்கள், இல்லாவிட்டால் விடையைப் படிக்கத் தெரியாமல் தவறு செய்தாரா, சொல்லே தெரியாதா என்று புரியாது.

அப்புறம் 200 சொற்கள் கொண்ட ஒரு செய்தித் துணுக்கை எடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு மனத்துக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்கவே வேண்டாம். வளர்ந்த மனிதர் யாராக இருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்.

என் தோழிக்கு 61 சரி. அதாவது ஏறக்குறைய 6,100 சொற்குடும்பங்கள். குறைந்த கையிருப்பு அல்ல. ஆனால் நிமிடத்துக்கு 70 சொற்கள்தான் வாசித்தார், சொன்ன கதையில் பாதி இல்லை. சொல் நிறைய இருக்கிறது, வாசிப்பு இல்லை. சீனம் பேசும் பெரியவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் உங்களிடம் வருவார்கள் என்று எதிர்பாருங்கள். அவர்களுக்கு மேலும் ஒரு சொற்பட்டியல் கொடுப்பதைப் போல வீண் வேலை கிடையாது.

3. எழுத்தையும் ஒலியையும் இணையுங்கள் (ஒரு மாதம், தினம் 20 நிமிடம்)

சீன எழுத்தை ஒரு முழு வடிவமாகப் பார்த்துத்தான் மனத்தில் பதிக்கிறார்கள். அன்றாட வாசிப்புக்கே மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு எழுத்துகள் வேண்டும். அப்படிப் பழகிய கண் ஆங்கிலச் சொல்லையும் ஒரு படமாகவே பிடித்துக்கொள்கிறது. எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்திருப்பார், ஆனால் அந்த எழுத்துகள் என்ன ஒலிக்கின்றன என்பது சொல்லோடு ஒட்டியிருக்காது. அதனால் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் போதும், 'ஃப்ரம்' 'ஃபார்ம்' ஆகிவிடும். 'குவைட்' 'குவையட்' ஆகிவிடும். 'கான்டாக்ட்', 'கான்ட்ராக்ட்', 'கான்ட்ராஸ்ட்' மூன்றும் ஒரே படம்தான்.

பின்யின் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு குழப்பம். அதில் கியூ என்ற எழுத்துக்கு 'ச்ச' போன்ற ஒலி, எக்ஸ் என்ற எழுத்துக்கு 'ஷ' போன்ற ஒலி. ஷியான் நகரத்தின் பெயர் எக்ஸில் தொடங்கும். புதிய ஆங்கிலச் சொல்லைப் பார்த்தவுடன் நாக்கு பின்யினுக்குப் போகும்.

இன்னொன்று, வாசிப்புக்கு மிக முக்கியமானது. மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழியின் அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் ன், ங், எப்போதாவது ர். அவ்வளவுதான். ட், ப், ஸ் என்று முடியும் அசையே இல்லை. காது கேட்காத ஒலியைக் கண்ணும் தாண்டிப் போகிறது. ஆங்கிலத்தில் காலமும் ஒருமை பன்மையும் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் இருக்கின்றன. "நேற்று" என்ற சொல் வாக்கியத்தில் இல்லை என்றால் என் தோழிக்கு நடந்ததா, நடக்கப் போவதா என்று தெரியாது. வினையின் வாலில் எழுதியிருப்பதை அவர் பார்க்கவே இல்லை. காண்டனீஸ், ஹாக்கியென் போன்ற பிற சீன மொழிகள் பேசுபவர்களுக்கு ப், ட், க் முடிவு சொந்த மொழியிலேயே உண்டு. அவர்களிடம் இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு.

நாங்கள் செய்தது இது. ஒலிப்பதிவோடு வரும் எளிய புத்தகத்தில் ஒரு பக்கம். முதல் முறை, கேட்டுக்கொண்டே விரலை வரியில் நகர்த்துவது. இரண்டாம் முறை, வினைச்சொற்களின் கடைசி எழுத்தைப் பென்சிலால் வட்டமிடுவது. மூன்றாம் முறை, வாய்விட்டு வாசிப்பது. சீனப் பள்ளிகளில் காலையில் சத்தமாக வாசிக்கும் வழக்கம் உண்டு, 'ஜாவ்து' என்பார்கள். அந்தப் பழக்கம் உடம்பில் இருப்பதால் இதை அவர் தயங்காமல் செய்தார். ஆனால் கவனமாக இருங்கள்: பொருளைக் கவனிக்காமல் ராகம் போட்டு வாசிப்பதும் அதே பழக்கத்தில் சேர்ந்தே வரும். ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்.

மாதத்துக்கு மேல் இதை இழுக்காதீர்கள். உச்சரிப்பை அழகாக்குவது நம் வேலை அல்ல. கடைசி எழுத்தைக் கண் பார்க்கத் தொடங்கிவிட்டால் போதும்.

4. சொற்பட்டியலை நிறுத்துங்கள், சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள்

சீனாவில் விற்கும் சொற்புத்தகங்கள் பல அகரவரிசையில் இருக்கும். தொடக்கத்திலேயே 'அபாண்டன்' வந்துவிடும். கைவிடு என்று பொருள். அங்கே படித்த எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். பட்டியலின் பெரிய குறை அது அல்ல. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு சீனச் சொல்லை வைப்பதுதான்.

ஒரு நாள் எங்கள் மேலாளரிடமிருந்து மின்னஞ்சல்: 'வி நீட் டு அட்ரஸ் திஸ் பிஃபோர் ஃப்ரைடே.' தோழி என் மேசைக்கு வந்து, "எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?" என்று கேட்டார். அவர் படித்த பட்டியலில் 'அட்ரஸ்' என்றால் முகவரி, அவ்வளவுதான். ஒரு சிக்கலைக் கையாள்வதும், கூட்டத்தில் உரையாற்றுவதும் அதே சொல் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாருக்கோ எதையோ அனுப்ப வேண்டும் என்று அன்று காலை முழுவதும் பதறியிருக்கிறார். அன்றோடு பட்டியலை நிறுத்தினேன்.

பட்டியலுக்குப் பதிலாக, அவர்களுடைய மொழி ஏற்கெனவே கற்றுக்கொடுத்த ஒன்றைப் பயன்படுத்துங்கள். சீனத்தில் கணினி என்பது 'மின் மூளை'. தொலைபேசி 'மின் பேச்சு'. திரைப்படம் 'மின் நிழல்'. நாம் மின்விசிறி, மின்னஞ்சல், மின்தூக்கி என்று கட்டுவது போலத்தான். எழுத்துக்குள்ளேயும் அதே கட்டுமானம்: இடப் பக்கம் மூன்று நீர்த்துளி இருந்தால் அது ஆறு, கடல், ஏரி என்று நீரோடு தொடர்புடையது. இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

'போர்ட்' என்றால் தூக்கிச் செல்வது என்று ஒரு தாளின் நடுவில் எழுதுங்கள். சுற்றிலும் இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட், போர்ட்டபிள். 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது: இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், பர்ஸ்பெக்டிவ். 'டெலி' என்றால் தூரம்: டெலிஃபோன், டெலிவிஷன், டெலஸ்கோப். "இது மூன்று நீர்த்துளி மாதிரி" என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. அடுத்த வாரம் அவரே 'விஸ்' (பார்வை) என்று ஒரு தாள் போட்டுக்கொண்டு வந்தார்.

வாரம் இப்படி இரண்டு சொல்லுறுப்புகள் போதும். முப்பது உறுப்புகள் தெரிந்தால் பாடநூல் ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் திறந்துகொள்ளும். எல்லாச் சொல்லையும் பிரிக்க முடியாது என்பதையும் சொல்லிவையுங்கள். 'அண்டர்ஸ்டாண்ட்' கீழே நிற்பது அல்ல.

5. நீண்ட வாக்கியம்: இங்கே தமிழருக்கு ஒரு வசதி

இந்தப் படிக்குத்தான் நாங்கள் அதிக நாள் செலவழித்தோம். பலன் கிடைத்ததும் இங்கேதான்.

ஒரு மதிய உணவு வேளையில், 'த புக் தட் ஐ பாட் எஸ்டர்டே' என்பதில் அவர் தடுக்கி நின்றார். புத்தகம் முதலில் வந்துவிட்டது, அதைப் பற்றிய செய்தி பின்னால் தொங்குகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. "உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள், ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள்" என்றேன். சாப்பாட்டுப் பொட்டலத்தின் காகிதத்தில் எழுதினார்: ஸுவோதியென், மாய், த, ஷு. ஸுவோதியென் நேற்று. மாய் வாங்கு. ஷு புத்தகம். நடுவில் இருக்கும் 'த' என்ன என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நேற்று, வாங்கு, 'இய', புத்தகம். நேற்று வாங்கிய புத்தகம்! அப்படியே நம் பெயரெச்சம்.

சீனமும் தமிழும் விவரத்தை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் வைக்கின்றன. ஆங்கிலம் பெயரை வைத்துவிட்டு விவரத்தைப் பின்னால் விடுகிறது. இந்தத் தடையை நாமும் ஒரு காலத்தில் தாண்டி வந்தவர்கள்தான். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு இங்கே என்ன சிரமம் என்பதே புரியாது. நமக்குப் புரியும்.

செய்முறை எளிது. மூன்று வண்ணப் பென்சில்கள். பெயரைச் சிவப்பால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் தொங்கும் விவரத்தை நீலத்தால் பெட்டி கட்டச் சொல்லுங்கள். வாக்கியத்தின் உண்மையான வினையைப் பச்சையால் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு நீலப் பெட்டியை விட்டுவிட்டு வாசித்தால் எலும்புக்கூடு தெரியும். தினம் ஐந்து வாக்கியங்கள், இரண்டு மாதம்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. 'த மேன் அரெஸ்டட் எஸ்டர்டே வாஸ் ரிலீஸ்டு.' இதில் 'தட்', 'ஹூ' போன்ற அடையாளச் சொல் எதுவும் இல்லை. அந்த ஆள் யாரையோ கைது செய்தார் என்றுதான் முதலில் படிப்பார்கள். நேற்று கைதான ஆள் விடுவிக்கப்பட்டார் என்பது பொருள். செய்தித்தாளில் இந்த வகை வாக்கியம் தினமும் வரும். பச்சை வட்டத்தைப் போட இரண்டு வினைகள் போட்டியிட்டால், முன்னதைச் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

அவன், அவள், அது மூன்றுக்கும் சீனப் பேச்சில் 'தா' ஒன்றுதான். எழுத்தில் மட்டும் வேறு. ஆகவே ஆங்கிலப் பத்தியில் 'ஹி', 'ஷி', 'இட்' யாரைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போடும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துவிடுங்கள்.

6. எளிய புத்தகம், நிறைய (ஆறிலிருந்து எட்டு மாதம்)

நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தெரியவில்லையென்றால் மூடி வைத்துவிட்டு இன்னும் எளியதை எடுங்கள்.

படிநிலைக் கதைப்புத்தகங்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஆக்ஸ்ஃபர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களில் எழுதப்பட்டது. இரண்டாம் நிலை 700, மூன்று 1,000, நான்கு 1,400, ஐந்து 1,800, ஆறு 2,500. சொல்வளத் தேர்வில் 6,100 வாங்கியவரை நான் இரண்டாம் நிலையில் தொடங்க வைத்தேன். அவருக்கு வருத்தம். ரயிலில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அட்டைக்குத் தாள் உறை போட்டுக்கொண்டார். "இது சொல் கற்க அல்ல, வேகம் பழக" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று புத்தகம் முடிந்த பிறகு உறையைக் கழற்றிவிட்டார்.

வாரம் ஒரு புத்தகம். வேலைக்குப் போகும் ரயிலில் இருபது நிமிடம், வரும்போது இருபது நிமிடம். ஒரு சின்ன நோட்டில் தேதி, பக்கம், நிமிடம் மட்டும் எழுதினார். கேள்வி பதில் எதுவும் வைக்காதீர்கள். அந்த நோட்டு மட்டும் போதும். ஆறு மாத முடிவில் நான்காம் நிலை. வேகம் நிமிடத்துக்கு 70லிருந்து 150க்கு வந்திருந்தது.

செலவு: நூலகத்தில் முதலில் தேடுங்கள். இல்லாததைப் பிராஸ் பாசா வளாகத்தின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கினோம். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மொத்தம் 60 வெள்ளிக்குள் முடிந்தது. சீனாவில் இருப்பவர்களுக்கு இரு மொழிப் பதிப்பு எளிதில் கிடைக்கும். ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் சீனம். அதை வாங்க விடாதீர்கள். கண் தானாக எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும்.

நான்காம் நிலை தாண்டியதும் ஒரு மாதத்துக்கு ஒரே பொருள் என்று மாறினோம். நாங்கள் எடுத்தது தண்ணீர். சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்கள், நியூவாட்டர் என்ற சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர், கடல்நீரைக் குடிநீராக்குவது என்று இணையத்தில் கட்டுரைகள் ஏராளம். ஒரே பொருளில் பதினைந்து கட்டுரை படித்தால் அதே சொற்கள் மறுபடி மறுபடி வரும். பட்டியலில் நூறு தடவை பார்த்தும் ஒட்டாத சொல் நாலாவது கட்டுரையில் ஒட்டிக்கொள்ளும்.

7. அகராதியும் கைபேசியும்

கைபேசியைப் பக்கத்துக்கு நேரே காட்டினால் முழுப் பக்கமும் சீனமாகிவிடுகிறது. பாட நேரத்தில் அதைப் பையில் போடச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அகராதி வேண்டும், ஆனால் பத்தி முடிந்த பிறகு. லாங்மேன் அகராதி இணையத்தில் இலவசம். ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் கொண்டே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கத்தைப் படிப்பதே ஒரு வாசிப்புப் பயிற்சி.

நினைவில் வைக்க ஆங்கி என்ற அட்டைச் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோனில் மட்டும் 24.99 அமெரிக்க டாலர். அட்டையின் முன்பக்கம் தனிச் சொல்லை எழுதக் கூடாது. அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, சொல்லை அடிக்கோடிட வேண்டும். வாசித்த பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நாளுக்கு எட்டுப் புதிய அட்டைக்கு மேல் போகாதீர்கள். ஆர்வத்தில் முப்பது சேர்ப்பார்கள். மூன்றாவது வாரம் திருப்புதலுக்கு இருநூறு அட்டை வந்து நிற்கும், அதோடு செயலியைத் திறக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு பட்டியலுக்கு மட்டும் நான் இடம் கொடுப்பேன்: மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல். 570 சொற்குடும்பங்கள், பத்துப் பகுதிகள். மேற்படிப்புக்குப் போகிறவர் என்றால் முதல் மூன்று பகுதிகள் கட்டாயம். அதையும் மனப்பாடமாக அல்ல. படிக்கும் கட்டுரையில் அந்தச் சொல் வந்தால் பட்டியலில் ஒரு கோடு. கோடு விழாத சொல்லைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

8. எண்கள்

சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்', பத்துக் கோடிக்கு 'யி'. மில்லியன் என்றால் நூறு வான். பில்லியன் என்றால் பத்து யி. நமக்கு மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி என்று மனத்துக்குள் மாற்றிப் பழக்கம். அவர்களுக்கும் அதே தொல்லைதான். ஒரு சிறு அட்டையில் இந்த நான்கு வரியை எழுதிக் கணினித் திரை ஓரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

9. தேர்வு: கடைசி இரண்டு மாதம்

மாதிரித் தேர்வை இதற்கு முன் தொடாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் கல்விப் பிரிவின் வாசிப்பில் மூன்று கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். காகிதத்தில் எழுதினாலும் விடையைப் படியெடுக்கத் தனி நேரம் தர மாட்டார்கள். 23 சரியாக இருந்தால் தோராயமாக 6, 30 சரியாக இருந்தால் 7. தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.

சரி, தவறு, சொல்லப்படவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் என் தோழி தொடர்ந்து மதிப்பெண் இழந்தார். கட்டுரை சொல்லாததைத் தன் பொது அறிவால் நிரப்பிக்கொண்டு 'சரி' என்று போட்டுவிடுவார். 'சரி' என்றோ 'தவறு' என்றோ எழுதும் முன் அதற்கு ஆதாரமான வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்று விதி போட்டேன். விரல் வைக்க வரி இல்லையென்றால் சொல்லப்படவில்லை. பயிற்சித் தாள்களில் 19லிருந்து 28க்கு வர ஏழு வாரம் பிடித்தது.

தேர்வுக் கட்டணம் இங்கே முந்நூறு வெள்ளிக்கு மேல். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணி நாளைக் குறியுங்கள். இன்னொரு முறை எழுத வேண்டி வந்தாலும் இடம் இருக்கும். கணினியில் எழுதியவர்கள், ஒரே ஒரு திறனை மட்டும் 60 நாட்களுக்குள் மறுபடி எழுதும் வசதி பல நாடுகளில் உண்டு. ஆனால் அந்த மதிப்பெண்ணை எல்லாக் கல்லூரியும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

பதிவின்போது பெயரில் கவனம். 'லு' என்ற குடும்பப் பெயரில் இரண்டு புள்ளி வைத்த யூ என்ற எழுத்து வரும். சீனக் கடவுச்சீட்டில் இப்போது அதை எல்-ஒய்-யூ என்று அச்சிடுகிறார்கள். பழைய சான்றிதழில் எல்-யூ என்றோ எல்-வி என்றோ இருக்கலாம். குடும்பப் பெயர் முதலில் வருவதால் கட்டங்களும் மாறிப் போகும். கடவுச்சீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்து எழுத்தாக அவரைத் தட்டச் சொல்லுங்கள். பணம் கட்டும் பொத்தானைத் தொடும் முன் நீங்களும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். தேர்வு நாளன்று அதே கடவுச்சீட்டைத்தான் கொண்டுபோக வேண்டும். இடையில் புதுப்பிப்பதாக இருந்தால் பதிவுக்கு முன்பே புதுப்பித்துவிடச் சொல்லுங்கள்.